யாரும் அசையக் கூடாது

"நீதான்டா ஆட்டிட்டே—"

"நான் ஆட்டல யக்கா, சொல்றதைக் கொஞ்சம்—"

"ஆட்டாம இப்டி வருமா? கொழகொழன்னு கீது பாரு நைனா மூஞ்சி! பெத்த நைனா மூஞ்சிடா—"

"அதைத்தானே சொல்லிக்கினு கீறேன்! நைனா மூஞ்சி மட்டுந்தான் அப்டி கீது. மத்ததெல்லாம் எவ்ளோ ஷார்ப்பா—"

"மத்ததை வெச்சுகினு இன்னாடா பண்றது? மெழுகுவத்தியை பிரேம் போட்டு மாட்டவா?"

வியாகுலம்மாள் அடுப்படியில் உட்கார்ந்து, நாளைக்கு ஏழாம் நாள் பூசைக்கு வருகிற சனத்துக்காக வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அடுப்படி என்று தனியாக ஒன்றும் கிடையாது. ராயபுரம் பனைமரத்தொட்டியில் ஒற்றை அறை வீடு. நடுவில் ஒரு பிளைவுட் தடுப்பு. தடுப்புக்கு இந்தப் பக்கம் ஸ்டவ், அந்தப் பக்கம் மகள் ஜூடியும் மகன் சாவியோவும். 'நைனா மூஞ்சி மட்டுந்தான்' என்று மகன் சொன்ன இடத்தில் அவள் விரல் நின்றது. பாதி உரித்த வெங்காயம் உள்ளங்கையில் ஈரமாகக் கிடந்தது. வெளியே துறைமுகத்துக்குப் போக வரிசை கட்டி நின்ற கண்டெய்னர் லாரிகள் உறுமிக்கொண்டும் அடங்கிக்கொண்டும் இருந்தன. ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் மழை இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. நாலு வருஷமாகக் கட்டிலோடு ஊறிப்போன டெட்டால் நாற்றம், கட்டிலைத் தூக்கித் தெருவில் போட்ட பிறகும், ஈரக் காற்றில் அறைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது.

"யம்மா, நீயே வந்து பாரு!" என்று கத்தினாள் ஜூடி.

"கையில வேலை கீதுடி."

"வெங்காயம் எங்கயும் ஓடிறாது. வாம்மா."

அவள் போகவில்லை. பார்க்காமலேயே அந்தப் படம் அவளுக்குத் தெரியும்.

அவள் புருஷன் லியோனார்ட் துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டியவர். வாதம் அடித்து வலப்பக்கம் செத்து, வாய் ஒரு பக்கமாகக் கோணிப் போனபின் வீட்டில் யாரும் அவரைப் படம் எடுக்கவில்லை. ஆனால் போன வாரம், இறந்து படுத்திருந்தபோது, அந்தக் கோணல் நேராகியிருந்தது. வந்தவர்களெல்லாம் "மாதா கிருபை, பழைய லியோனார்டாட்டம் கீறாரு பாரேன்" என்றார்கள். அந்த முகம் வேண்டும் என்று ஜூடி அடம்பிடித்தாள். கரண்டு இல்லை. ஐஸ் பெட்டி எடுத்தும் பிரயோசனம் இல்லை என்று அன்று சாயந்திரமே அடக்கம் வைத்தாகிவிட்டது. மழை இருட்டில் ஆறு மெழுகுவர்த்தி வெளிச்சத்தில்தான் சாவியோ தன் புது கேமரா செல்லால் அதை எடுத்தான்.

"யக்கா, இத்தைக் கேளு," சாவியோவின் குரல் தணிந்து வந்தது. கண்டெய்னர் யார்டில் நாளெல்லாம் லாரி டிரைவர்களோடு கத்திப் பேசுகிற பிள்ளை. வீட்டில் யாரையாவது நம்பவைக்க வேண்டுமென்றால் மட்டும் குரலை இறக்குவான். "இருட்டுல படம் எடுக்குறதுன்னா இன்னா தெரியுமா? வெளிச்சம் பத்தாது. அதனால நைட் மோடு போட்டா, செல்லு கண்ணைத் திறந்தது திறந்தபடியே இருக்கும். ஒரு மூச்சு நேரம். அதுக்குள்ள எது அசைஞ்சாலும் கலைஞ்சிரும். கையில புடிச்சா நம்ம நாடி துடிக்கிறதே போதும், ஆட்டிரும்."

"அதான் ஆட்டிட்டே."

"கையில எங்க புடிச்சேன்? உன் தையல் மெஷின் மேல வெச்சேன். கண்ணாடியை பனியனால தொடச்சேன். பட்டனை அமுக்குனா கூட ஆடும்னு டைமர் போட்டுட்டு ஓடி வந்து உன் பக்கத்துல உக்காந்தேன். 'யாரும் அசையக் கூடாது, மூச்சு கூட விடாதீங்க'ன்னு கத்துனேனா இல்லியா?"

"கத்துனே. செத்த வூட்டுல வந்து டைரக்டராட்டம் உதார் வுட்டே. சிலுவையம்மா அத்தை முறைச்சாங்க."

"ஸ்டூடியோவுல ஷாகுல் ஹமீது பாய் கம்ப்யூட்டர்ல மூஞ்சியை மட்டும் பெருசாக்கிப் பாத்தாரு. நான் யாரு படம்னு சொல்லல. அவரு பாட்டுக்குப் பாத்துட்டு இன்னா சொன்னாரு தெரியுமா?"

"இன்னா?"

"'செல்லு ஆடல தம்பி. ஆளுதான் ஆடிட்டாரு'ன்னாரு."

தடுப்புக்கு அந்தப் பக்கம் ஜூடி சிரித்தாள். சிரிப்பு வழக்கத்தைவிடக் கொஞ்சம் உயரமாக இருந்தது.

"பைத்தியமாடா அந்த பாய்க்கு? பெட்டியில கீறவரு எப்டிடா ஆடுவாரு?"

வியாகுலம்மாள் வெங்காயத்தைக் கீழே வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்தாள். மறுபடி எடுத்தாள்.

போன தவக்காலத்தில் நடந்தது அவளுக்கு நினைவில் வந்தது. ஒரு விடியலில் லியோனார்டுக்கு மூச்சில்லை என்று அவள் அலறிவிட்டாள். தெருவே கூடியது. நாத்தனார் சிலுவையம்மாள் மாரில் அடித்துக்கொண்டு வந்தாள். யாரோ கோயிலுக்கு ஓடி, துக்க மணி கூட அடித்தாகிவிட்டது. அந்த மணிச் சத்தத்துக்கு நடுவில் லியோனார்ட் இருமிக்கொண்டு கண்ணைத் திறந்தார். முதலில் எல்லோரும் ஸ்தோத்திரம் என்றார்கள். பிறகு சிரித்தார்கள். பிறகு சிரிப்பை விடவே இல்லை. காசிமேட்டு ஏலத்தில் மீன் வாங்க நின்றால், "இன்னா வியாகுலம், ஊட்டுக்காரு இன்னிக்கு உசுரோட கீறாரா, இல்ல மணி அடிக்கச் சொல்லவா?" என்பாள் ஒருத்தி. "சும்மா இரு, அவளுக்குச் சவப்பெட்டி செய்ற இன்னாசியாண்ட போவ அவசரம்" என்பாள் இன்னொருத்தி. அதற்கப்புறம் அவள் பூசையில் முன்வரிசைக்குப் போனதில்லை. தூணுக்குப் பின்னால் நின்றாள். புருஷனை உசுரோடு வழியனுப்பப் பார்த்தவள் என்ற பெயர் முக்காட்டுக்குள்ளும் வந்து ஒட்டிக்கொண்டது.

அதனால் இந்தத் தடவை அவள் அலறவில்லை. நன்றாக விடியும் வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். பாதத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். தெருமுனை கிளினிக்காரர் வந்து, செருப்பைக் கழற்றாமல் வாசற்படியில் நின்றே குனிந்து மணிக்கட்டைப் பிடித்து, "போயிட்டாரும்மா" என்ற பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"சரி," என்றான் சாவியோ. "என் மேலதானே சந்தேகம்? அதே மாதிரி இன்னொண்ணு எடுக்குறேன். அதே எடம், அதே மெழுகுவத்தி. ஆடுதா இல்லியான்னு பாத்துக்க. யம்மா, வா. அன்னிக்கு உக்காந்த மாதிரியே உக்காரு."

"எனக்கு வேணாம்டா."

"ஒரு நிமிசம்மா. இவ வாயை அடைக்கணும்."

ஜூடி கையைப் பிடித்து இழுத்து வந்தாள். பெட்டியை வைத்திருந்த பெஞ்சு இன்னும் திரும்பப் போகவில்லை. சுவரோரம் கிடந்ததை இருவரும் நடுவுக்குத் தள்ளினார்கள். சாவியோ டியூப் லைட்டை அணைத்தான். மெழுகு உருகும் வாசனை எழுந்தது. உடனே, அதற்கென்றே காத்திருந்த மாதிரி, வார்னிஷ் வாசனையும் வாடின மல்லிகையும் அவள் மூக்கில் ஏறின. பெஞ்சு காலியாகத்தான் இருந்தது. ஆனால் மெழுகு வெளிச்சம் ஆடியபோது பெஞ்சின் நிழல் சுவரில் ஏறி, பெட்டி அகலத்துக்கு விரிந்தது.

தலைமாட்டில் அவள். கால்மாட்டில் ஜூடி.

"டைமர் போட்டுட்டேன்," என்று சாவியோ ஓடி வந்து உட்கார்ந்தான். "செல்லைப் பாருங்க. யாரும் அசையக் கூடாது."

தையல் மெஷின் மேல் செல்லின் சிவப்புப் புள்ளி மினுக் மினுக்கென்றது.

அன்றும் இப்படித்தான். படம் நன்றாக வரவேண்டும் என்று சிலுவையம்மாள்தான் வாய்க்கட்டை அவிழ்த்தாள். தாடையைச் சேர்த்து உச்சந்தலையில் முடிந்திருந்த வெள்ளைத் துணி அது. "முகம் தெரியட்டும்" என்று அதை உருவி, வியாகுலம்மாள் மடியில் போட்டாள். எல்லோரும் செல்லைப் பார்த்தார்கள். அறை முழுக்க மூச்சை அடக்கிக்கொண்டது. மழை மட்டும் விடவில்லை.

அப்போது லியோனார்டின் தாடை இறங்கியது.

சரி. கட்டு அவிழ்ந்தால் தாடை இறங்கும். அவளுக்குத் தெரியும். எத்தனை சாவு பார்த்திருக்கிறாள்.

பிறகு ஏறியது.

இறங்கினால் பிணம். ஏறினால்?

மறுபடி இறங்கியது. உதடு குவிந்தது. பிரிந்தது.

அவள் எழுந்து கத்தியிருக்கலாம். ஆனால் எதிரே சுவர் வரைக்கும் சனம். வாசலில் பங்குச் சாமியார் குடையை மடக்கிக்கொண்டிருந்தார். காசிமேட்டுக் கல்லறையில் குழி வெட்டியாகிவிட்டது. ஏலத்தில் நின்ற அதே பொம்பளைகள் அதே வாய்களை முந்தானையால் பொத்திக்கொண்டு கதவோரம். இன்னொரு தடவை சொல்லி, இன்னொரு தடவை அது ஒன்றுமில்லாமல் போனால்? அந்த ஒரு மூச்சு நேரத்தில் அவள் நினைத்தது லியோனார்டை இல்லை. அந்த வாய்களை. அதற்கும் அடியில் இன்னொன்று கிடந்தது: கட்டில் இல்லாத அறை. டெட்டால் இல்லாத காலை. அதைச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் கூட அவளால் சொல்ல முடியாது.

அசையக் கூடாது என்றான் மகன். அவள் அசையவில்லை.

செல் 'கிளிக்' என்றது. உடனே அவள் மடியிலிருந்த துணியை எடுத்தாள். தாடைக்கு அடியில் கொடுத்தாள். உச்சியில் முடிந்தாள். இன்னொரு முடிச்சு. இழுத்து.

"பாரு," என்று சிலுவையம்மாள் எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள். "பொண்டாட்டின்னா இவதான். கடைசி வரைக்கும் ஒரு குறை வெக்கல."

'கிளிக்.'

இது இப்போதைய சத்தம். சாவியோ எழுந்து ஓடினான். செல்லைக் கையில் எடுத்துப் பார்த்தான். ஜூடியும் போய் அவன் தோள் மேல் எட்டிப் பார்த்தாள்.

"பாத்தியா? பெஞ்சு பாரு, ஆணி கூட தெரியுது. நீ பாரு. நான் பாரு. எங்கயாவது ஆடிகீதா?"

"அம்மா ஆடிகீறாங்களே," என்றாள் ஜூடி.

"ஆமா. அம்மா மட்டும்."

"யம்மா, இன்னா, குளிருதா?"

அவள் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து அழுத்தினாள்.

"அப்போ செல்லு மேல தப்பு இல்ல," என்றான் சாவியோ. ஜெயித்தவன் குரலில்தான் ஆரம்பித்தான். முடிக்கும்போது அந்தக் குரல் இல்லை. கவரிலிருந்து பிரிண்டுகளை எடுத்து, மெழுகுவர்த்திக்கு அடியில் பெஞ்சின் மேல் பரப்பினான். யாரும் லைட்டைப் போடப் போகவில்லை.

"இது இன்னாடா, ரெண்டாவது ஒண்ணு?"

"எதுக்கும் இருக்கட்டும்னு அன்னிக்கு உடனே இன்னொண்ணு எடுத்தேன். இதுல வாய்க்கட்டு போட்டுகீது, பிரேமுக்கு ஆவாதுன்னு காட்டல."

"இதுல நைனா மூஞ்சி ஆடவே இல்லியே."

"கட்டிகீதே."

அந்தச் சொல்லைச் சொன்ன பிறகுதான் அவனுக்கே அது காதில் விழுந்தது. வாய் திறந்தபடி நின்றான். தெருவில் ஒரு லாரி பிரேக் போட்டுக் கீச்சிட்டு நின்றது. மெழுகுவர்த்தி சாய்ந்து நிமிர்ந்தது.

"யக்கா."

"இன்னாடா?"

"தூக்கினு போம்போது நான் தலைமாட்டுப் பக்கம். தோள் மேல பெட்டி. கோயில் தாண்டுறப்ப உள்ள ஏதோ..." அவன் தன் தோளைத் தொட்டுக்கொண்டான். "செபமாலை உருளுதுன்னு நினைச்சேன். ரோடு குழியில்ல. குழியில எறங்குனா உருளும். ஆனா, நாங்க நின்னப்பவும்..."

"வாயை மூடு."

"நின்னப்பவும் யக்கா."

"மூடுடா!"

ஜூடி முதல் படத்தை எடுத்தாள். மெழுகுவர்த்திக்குக் கிட்டே கொண்டுபோனாள். அவள் மூக்கு படத்தில் முட்டுகிற அளவு குனிந்தாள். கலைந்த முகத்தைப் பார்த்தாள். மூக்கு சரியாக இருந்தது. நெற்றி சரியாக இருந்தது. கண் இமை கூட. உதடும் தாடையும் மட்டும் புகையாட்டம், ஒன்றின் மேல் ஒன்றாக ரெண்டு மூன்று வாய்.

பிறகு அவள் விரல் நகர்ந்தது. சுற்றி இருந்தவர்கள் மேல் ஒவ்வொருவராக. சிலுவையம்மாள். சாவியோ. தான். கதவோரத்துப் பெண்கள். எல்லாக் கண்ணும் நேரே செல்லைப் பார்த்தபடி.

விரல் தலைமாட்டில் வந்து நின்றது. அங்கே ஒரு முகம். துளி கலையாத முகம். முக்காட்டின் கரை இழை இழையாகத் தெரிந்தது. மடியில் வெள்ளைத் துணி. அதன் மேல் ரெண்டு கை, கல்லில் வெட்டின மாதிரி. கண் மட்டும் செல்லைப் பார்க்கவில்லை. குனிந்து, மிகக் கிட்டத்தில், அந்தப் புகைவாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. அகலத் திறந்து.

ஜூடி நிமிர்ந்தாள். அம்மாவைப் பார்த்தாள். படத்தைப் பார்த்தாள். மறுபடி அம்மாவைப் பார்த்தாள். கேட்டபோது அவள் குரலில் கோபமே இல்லை. சின்னப் பிள்ளையாட்டம் கேட்டாள்.

"யம்மா... நைனா உன்னாண்ட இன்னா சொன்னாரு?"