மூன்று டேப்லெட்டும் ஒரு பாலமும்

களவு போனது ஒரு பாலம். அதுவும் இன்னும் கட்டாத பாலம்.

ஆற்றின் குறுக்கே மூன்று வளைவாக நெளிந்து போகும் அதன் வடிவம், வந்த வடிவங்களை உடனுக்குடன் காட்டும், பால வடிவமைப்புப் போட்டி நடத்துகிறவர்களின் இணையப் பக்கத்தில் இன்று காலை வெளிவந்திருந்தது. கீழே வேறொரு நிறுவனத்தின் பெயர். அதை வரைந்த சின்ன அலுவலகமோ தன் வடிவத்தை இன்னும் அனுப்பவே இல்லை. கடைசி நேரம் மாலை ஆறு மணி. இனி அனுப்பினால், காப்பியடித்தவர்கள் என்ற கெட்ட பெயர் இவர்களுக்குத்தான். திருடியது யார் என்று அதற்குள் காவல்துறை எழுதிக் கொடுத்தால் மட்டும் ஏற்றுக்கொள்வார்களாம்.

பிற்பகல் 3.30. அலுவலக வாசலில் ஜீப் வந்து நின்று வெகுநேரமாகியும் ஆய்வாளர் அம்மாள் இறங்கவில்லை. துறை கொடுத்த டேப்லெட்டில் வேறொரு வழக்கின் வீடியோவை மேலிடத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்.

"அது பாட்டுக்குப் போகட்டுமே மேடம். நீங்க உள்ள போங்களேன்," என்றார் ஓட்டுநர்.

"காலையில அப்படித்தான் விட்டேன். நடுவுல ஒரு மெசேஜ் பார்த்துட்டு வந்தா, மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிக்குது. அடுப்புல பால் வெச்ச மாதிரி பக்கத்துலயே நிக்க வேண்டியிருக்கு."

"ஸ்டேஷன் கம்ப்யூட்டரை எடுத்துட்டு இதைக் கையில கொடுத்தவங்க நல்லா இருக்கட்டும்," என்றார் ஓட்டுநர். வாழ்த்தா சாபமா என்று குரலில் தெரியவில்லை.

உள்ளே வெள்ளைச் சுவர், நீளமான மேசை, அதன்மேல் ஒரே மாதிரி மூன்று டேப்லெட். ஒரு கம்ப்யூட்டர் கூட இல்லை. எல்லாவற்றையும் முதலாளி விற்றுவிட்டார்.

"மேசையெல்லாம் ஒயர் கிடந்த காலம் போச்சு மேடம். கம்ப்யூட்டர் பார்க்கிற அத்தனை வேலையும் இது பார்க்கும்," என்றார் பெருமையாக. பாலம் போன நாளிலும் பெருமை போகவில்லை, பாருங்கள்.

"வரையறதுக்கு இதை அடிச்சுக்க ஆளில்ல," என்றாள் மூலையில் நின்ற அவர் தங்கை. பாலத்தை வரைந்தவள் அவள்தான். அழுதழுது கண் வீங்கியிருந்தது. "வரைஞ்சதை எடுத்து ஒருத்தருக்கு அனுப்பணும்னாதான் உயிர் போகும்."

"அனுப்பத் தெரியாமலா அந்தக் கம்பெனிக்காரனுக்கு அனுப்பினே?" முதலாளி ஆய்வாளர் பக்கம் திரும்பினார். "இவதான் மேடம். என் கூடப் பிறந்தவ. எழுதிக்கோங்க."

"எழுதறது என் வேலை. நீங்க உட்காருங்க."

ஆய்வாளரிடம் இருந்த தகவல் கொஞ்சம்தான். பெரிய கோப்புகளைக் கைமாற்றும் ஓர் இணையத்தளம் வழியாகப் பாலம் போயிருக்கிறது. செவ்வாய்க்கிழமை, பிற்பகல் மூன்று மணியிலிருந்து மூன்றே முக்கால் வரை, நடுவில் எங்கும் அறுபடாமல் ஒரே மூச்சில். இந்த அலுவலக இணைப்பிலிருந்து, ஒரு டேப்லெட்டிலிருந்து. எந்த டேப்லெட் என்று தெரியவில்லை. மூன்றும் ஒரே ரகம், மூன்றிலும் தடயம் துடைக்கப்பட்டிருந்தது.

"தங்கச்சி மேல ஏன் சந்தேகம்?"

"அந்தக் கம்பெனிக்காரன் இவளை வேலைக்குக் கூப்பிட்டிருக்கான்."

"கூப்பிட்டாங்க, வரலைன்னுட்டேன்," என்றாள் தங்கை. "அதை வந்து உன்கிட்ட சொன்னதே நான்தானேண்ணா?"

ஆய்வாளர் குறிப்பேட்டைத் திறந்தார்.

"செவ்வாய்க்கிழமை மூணு மணிக்கு யார் யார் இருந்தீங்க?"

ஒரு பள்ளிக்கூடத்துத் தாளாளர் புதுக் கட்டடம் பற்றிப் பேச வந்திருந்தார். முதலாளியின் டேப்லெட் சுவர் டிவியில் மாட்டியிருந்தது. அதில் ஓடியதை எல்லோரும் பார்த்தார்கள். தங்கை மூலையில் உட்கார்ந்து பாலத்தின் கைப்பிடிச் சுவரை வரைந்துகொண்டிருந்தாள். மூன்றாவது ஆள் முதலாளியின் மைத்துனன், மனைவிக்குத் தம்பி. கட்டட வேலைகளை மேற்பார்வை பார்ப்பவன். தாளாளர் பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

"வரையற மாதிரி வரைஞ்சுக்கிட்டே பின்னால அனுப்பியிருக்கா," என்றார் முதலாளி. "அன்னிக்குப் பூரா வேற யாரும் டேப்லெட்ல வேலையே செய்யல மேடம்."

மைத்துனன் தொண்டையைக் கனைத்தான். "விடுங்க மாமா. உங்க தங்கச்சி சின்னப் பொண்ணு, ஏதோ புத்தி கெட்டுப் போய் செஞ்சிருச்சு. கேஸு கீஸுன்னு போகாம நமக்குள்ளயே முடிச்சுக்கலாம்." என்ன ஒரு கரிசனம்.

ஆய்வாளர் தங்கையிடம் போனார். "வரைஞ்சதைத் தவிர அப்ப வேற என்ன செஞ்சீங்க?"

"எங்க வரைய விட்டாங்க? பள்ளிக்கூடத்து போட்டோவைக் காட்டுன்னு அண்ணியோட தம்பி கூப்பிட்டாரு. எழுந்து போய் என்னோடதுல காட்டினேன். வந்து உட்கார்ந்தா, சதுர அடிக் கணக்குப் போடுன்னாரு. போட்டேன். தன்னோடதை மடியிலயே வெச்சு விரலால தடவிக்கிட்டிருந்தாரு. ஆனா எல்லாத்துக்கும் நான்தான் ஓடணும்."

"அந்த போட்டோ அவர்கிட்ட இல்லையா?"

"எடுத்ததே அவர்தான். எனக்கு அனுப்பினதும் அவர்தான்."

"சார்ஜ் கம்மியா இருந்துச்சு மேடம்," என்றான் மைத்துனன் உடனே. யாரும் அவனைக் கேட்கவில்லை.

மணி 4.05. ஆய்வாளர் மேசை முன் உட்கார்ந்தார். தங்கையின் டேப்லெட்டில் அதே இணையத்தளத்தைத் திறந்து, அதே கோப்பை அனுப்பச் சொன்னார். பச்சைக் கோடு மெதுவாக ஊர்ந்தது. கால் பங்கு வந்ததும் சொன்னார்: "இப்ப வரைங்க."

தங்கை வரையும் செயலிக்குப் போனாள். ஆய்வாளர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதலாளிக்கு இருப்புக் கொள்ளவில்லை, எழுந்தார், உட்கார்ந்தார். ஆறு மணி நெருங்க நெருங்க இந்த அம்மாள் படம் வரையச் சொல்லி வேடிக்கை பார்க்கிறாளே என்று அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"போதும். திரும்பி வாங்க."

பச்சைக் கோடு இல்லை. பக்கம் புதிதாகத் திறந்து, கோப்பைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி நின்றது.

முதலாளியின் டேப்லெட்டிலும் செய்து பார்த்தார்கள். மைத்துனனுடையதிலும் செய்தார்கள். கதை அதேதான்.

"ரெண்டையும் பக்கத்துப் பக்கத்துல திறந்து வெச்சா?" முதலாளியின் குரல் இறங்கியிருந்தது.

"வரையற ஆப் முழுத் திரையையும் கேக்கும்ணா. பங்கு தராது. வாங்கின நாள்லேர்ந்து நானும் சொல்லிக்கிட்டுதான் இருக்கேன். நீ காதுல போட்டுக்கிட்டாத்தானே?"

ஆய்வாளர் எழுந்து நின்றார். மணி 4.50.

"கம்ப்யூட்டரா இருந்தா இவங்க மேல சந்தேகப்படலாம். அது ஒரு பக்கம் அனுப்பும், ஒரு பக்கம் வரைய விடும். இதுல அது நடக்காது. கண்ணுக்கு முன்னால இருக்கிற வேலையை மட்டும்தான் இது பார்க்கும். மத்ததைத் தூங்க வெச்சுடும். இவங்க வரைஞ்சாங்க, போட்டோ காட்டினாங்க, கணக்குப் போட்டாங்க. இவங்க டேப்லெட்ல அனுப்ப ஆரம்பிச்சிருந்தா மூணு தடவை செத்திருக்கும். ஆனா பாலம் அறுபடாம போயிருக்கு. உங்களோடது சுவர்ல ஓடிச்சு, ஊரே பார்த்துச்சு. அப்ப மிச்சம்?"

எல்லோர் கண்ணும் மைத்துனன் பக்கம் திரும்பியது.

"வேற யாரும் வேலையே செய்யலைன்னு நீங்களே சொன்னீங்க சார். அதுதான் விஷயம். தான் எடுத்த போட்டோவைக் காட்ட அடுத்தவங்களைக் கூப்பிடறார். ஏன்? தன்னோடதுல போட்டோவைத் திறந்தா பாலம் பாதியில நின்னுடும். திரை அணைஞ்சாலும் நின்னுடும், அதான் விரலால தடவல். தனியா உட்கார்ந்து தடவியிருந்தா யாராவது என்னன்னு எட்டிப் பார்த்திருப்பாங்க. கூட்டத்துல மடியில டேப்லெட்டோட இருக்கிறவரை யார் கேட்பாங்க?"

"சார்ஜ் இல்லைன்னேனே மேடம்," என்றான் மைத்துனன்.

"சார்ஜ் இல்லாததை முக்கால் மணி நேரம் எரிய விட்டு எதுக்கு மடியில வெச்சுத் தடவினீங்க? அணைச்சுப் போட்டிருக்கலாமே."

அவன் தன் அக்காள் கணவனைப் பார்த்தான். பார்த்துவிட்டு வெடித்தான். "இந்த ஆபீஸ் ஆரம்பிச்ச நாள்லேர்ந்து வெயில்ல நின்னு சிமெண்ட் தூசி தின்னவன் நான். பங்குதாரர்னு யார் பேரைப் போட்டீங்க மாமா? போர்டு எழுதக் கொடுத்ததை நான் பார்க்கலைன்னு நினைச்சீங்களா? அந்தக் கம்பெனிக்காரன் என்னைப் பங்குதாரராப் போடறேன்னான். கொடுத்தேன்."

தங்கைக்கு ஒன்றும் புரியவில்லை. "என்ன போர்டு?"

முதலாளி தலை நிமிரவில்லை. "உன்னைப் பங்குதாரராப் போட்டிருந்தேன்மா. போட்டி முடிஞ்சதும் சொல்லலாம்னு வெச்சிருந்தேன்."

ஓட்டுநர் மைத்துனனை ஜீப்புக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஆய்வாளர் சான்றை எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார். தங்கை அதையும் பாலத்தையும் சேர்த்து அனுப்பினாள். கோடு முழுதாகப் போய்ச் சேர்ந்தபோது ஆறு மணிக்கு மூன்று நிமிடம் இருந்தது. முதலாளி நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது அவருக்கு.

தங்கை பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

"அண்ணன் மேல கோபமாம்மா?"

"சொத்துல பாதியை நம்பி எழுதி வெச்சிருக்கே. நீ செஞ்சியான்னு ஒரு வார்த்தை என் முகத்தைப் பார்த்துக் கேக்க மட்டும் உனக்கு நம்பிக்கை வரல."

"நாளைக்கு போர்டை மாட்டிடறேன்."

"மாட்டு. என் பேரு இருக்கணுமா வேண்டாமான்னு நான் யோசிச்சுச் சொல்றேன்," என்று சொல்லிவிட்டு அவள் படியிறங்கினாள்.