'நாளை' என்ற பொத்தான்

மெயிலின் புதிய பதிப்பைத் தள்ளிப்போட மூன்று மாதமாக நீரஜா தினமும் அழுத்தி வந்த 'நாளை' என்ற பொத்தானை இன்று திரையில் காணோம். பழைய மெயில் பதிப்பு மாலை ஆறு மணியோடு நின்றுவிடும், புதியது தானாகவே வந்துவிடும் என்ற அறிவிப்பு மட்டும் இருந்தது.

அந்தப் பழைய மெயிலில்தான் கணவர் கருணாகரனின் கடைசி வரி கிடந்தது. தி.நகர் ஆபீசிலிருந்து அவள் திரும்பும்போது வாங்க வேண்டியதையெல்லாம் மெயிலில் எழுதி அனுப்புவது அவர் வழக்கம். போனில் சொன்னால் மறந்துவிடுவாளாம். அன்று எழுதும்போதே மாரடைப்பு. அனுப்பாமல் நின்றுபோனது: "நீரஜா, வரும்போது".

அந்த இரண்டு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் ஐந்து மாதத்தை ஓட்டியிருக்கிறாள்.

கொழுந்தன் வெங்கடேஷுக்குப் போன் போட்டாள்.

"பயப்படாதீங்க அண்ணி, அண்ணன் எழுதினது எங்கயும் போகாது. புதுசுல, பாதியில விட்டதை அதுவே எழுதி முடிக்கும். வேணாம்னா ஆஃப் பண்ணிக்கலாம்."

ராஜா அண்ணாமலைபுரத்து இரண்டாம் மாடியில் வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. கீழ்வீட்டுத் தாளிப்பு வாசனையும், மேஜைக்கடியில் கம்ப்யூட்டர் பெட்டியின் உறுமலும், சுவரில் நீண்டுகொண்டே போன ஜன்னல் கம்பி நிழலும் சேர்ந்து, உள்ளறையிலிருந்து அவர் இப்போது இருமப்போகிறார் என்று அவளை நம்ப வைத்தன.

ஆறு மணி. திரை வெளுத்தது. மறுபடி வந்தது. வரி பத்திரமாக இருந்தது. அழுதேவிட்டாள்.

பிறகுதான் கவனித்தாள், வரி நீண்டிருந்தது.

"நீரஜா, வரும்போது பால் வாங்கிட்டு வா."

இவ்வளவுதானா? பால்தானா? வெங்கடேஷ் சொன்னபடி அதை ஆஃப் பண்ணும் இடத்தைத் தேடினாள். அகப்படவில்லை. எழுத்துகள் ஓடின.

"நெஞ்சு வலிக்குது. உனக்கு மூணு தடவை போன் அடிச்சேன்."

அன்று பிரதோஷம். கபாலி கோயில் வரிசையில் போனைச் சைலன்ட்டில் போட்டிருந்தாள். அந்த மூன்று அழைப்புகளையும் அன்று ராத்திரியே அழித்துவிட்டாள். ஒருவரிடமும் சொல்லவில்லை.

"கீழ விழுந்துட்டேன். மேஜைக்கடியில கிடக்கேன். இங்கேர்ந்து வாசக்கதவு தெரியுது."

"என்னை மன்னிச்சிடுங்க" என்றாள்.

கர்சர் நின்றது. துடித்தது.

"வந்துட்டியா."

கம்ப்யூட்டர் உறுமல் அடங்கியது.

"உன் கால் தெரியுது."

மேஜைக்கடியில் இருட்டு. ஜில்லென்று ஒரு விரல் கணுக்காலில் பட்டது. இன்னொன்று. ஐந்தும் மெதுவாக மூடி இறுகின.

நீரஜா காலை இழுத்துக்கொள்ளவில்லை.