பன்னிரண்டாவது ஆட்டம்

அந்தத் தாளை மிளகாய் மூன்று முறை படித்தாள். மூன்று முறையும் அதில் ஒரே வரிதான் இருந்தது.

"உண்மையா தோத்துட்டேன். நீ ஜெயிச்சுட்ட."

போதாக்குறைக்குப் பக்கத்தில் 'அழுகையுடன்' என்று வேறு எழுதியிருந்தது.

அவளுடைய காது மடல் சிவந்தது. அவளுக்குக் கோபம் வந்தால் அவளுக்கு முன்னால் அவள் காதுக்குத் தெரிந்துவிடும். வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. ஆனால் அந்த ஒலிப்பதிவுக் கூடத்தில், வாசல் காவலர் முதல் டைரக்டர் அக்கா வரை எல்லோருக்கும் அவள் மிளகாய்தான்.

பத்து வயது மிளகாய்க்கு அங்கே என்ன வேலை? ஜப்பானில் வரைந்த ஒரு கார்ட்டூன் தொடருக்கு அவள் தமிழ்க் குரல் கொடுத்தாள். அந்தத் தொடரில் சிறுவர்கள் அட்டை விளையாடுவார்கள். ஓர் அட்டையை மேசையில் ஓங்கி அடித்தால் அதிலிருந்து நெருப்புப் பறவை எழும்பும். இன்னொன்றை அடித்தால் மலை போல ஓர் ஆமை எழும்பும். கதாநாயகன் பெயரை யாரும் சொல்வதில்லை. எல்லோரும் செம்முடி என்றே சொன்னார்கள். செம்முடி வாயைத் திறந்தால் மிளகாயின் குரல் வரும்.

செம்முடியின் எதிரி சாம்பல் கோட்டு. அவனுக்குக் குரல் கொடுத்தவன் பதினோரு வயதுப் பையன் ஒருவன். கிணற்றுக்குள்ளிருந்து யாரோ பேசுவது போல இருக்கும் அவன் பேசினால். அதனால் அவன் பெயர் கிணறு.

செம்முடியும் சாம்பல் கோட்டும் இதுவரை பதினோரு முறை மோதியிருந்தார்கள். பதினோரு முறையும் சாம்பல் கோட்டுதான் மண்ணைக் கவ்வினான். ஒவ்வொரு பதிவு முடிந்ததும் மிளகாய் வாசலில் நின்று கேட்பாள்.

"என்ன கிணறு, இன்னிக்கும் தண்ணி வரலையா?"

அவன் ஒருநாளும் பதில் சொன்னதில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு போய்விடுவான். இன்று பேசினான்.

"தாளைப் படிச்சிட்டியா? எழுத்துக் கூட்டிப் படிக்கணும்னா சொல்லு, நான் உதவி பண்றேன்."

"வாயை மூடு."

"நான் மூடிக்கிறேன். நீதான் இன்னிக்கு வாயத் திறந்து சொல்லணும். பதினோரு ஆட்டமா காத்துக்கிட்டிருக்கேன். காது ரெண்டையும் சுத்தம் பண்ணிட்டு வந்திருக்கேன்."

மிளகாய்க்குப் பல் நறநறத்தது. பள்ளிக்கூடத்தில் வகுப்பு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள், செம்முடி ஒருநாளும் தோற்க மாட்டான் என்று. இனி எந்த முகத்தோடு போவது?

அவளுக்குத் துணையாக வந்திருந்த அத்தை தாளை வாங்கிப் பார்த்தார். அத்தை அவளுடைய அப்பாவுக்கு அக்கா. அஞ்சலகத்தில் முப்பது வருடம் முத்திரை குத்தியவர். நாற்காலியில் முதுகு படாமல் உட்காருவார். நாற்காலியும் அவரிடம் கொஞ்சம் மரியாதையாகவே இருக்கும்.

"இது என்ன கூத்து? நம்ம வீட்டுப் பிள்ளை அழுதுகிட்டே தோத்துட்டேன்னு சொல்லணுமா? உங்க தாத்தா பல்லு பிடுங்கினப்பகூட அழுததில்ல. டாக்டர்தான் அழுதார்."

"தோக்கறது செம்முடி அத்தை. நான் இல்ல."

"குரல் யாரோடது?"

மிளகாய் தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். அவள் நேராக டைரக்டர் அக்காவிடம் போனாள்.

"அக்கா, இந்த வரியை மாத்திடலாமா?"

"அவன் தோத்துட்டான்டி. ஜப்பான்ல அவன் தோத்து நாலு வருஷம் ஆச்சு. இப்ப நாம என்ன பண்ண முடியும்? போய் மைக் முன்னாடி நில்லு."

கண்ணாடி அறைக்குள் போய் மிளகாய் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். எதிரே திரையில் படம் ஓடியது. இந்தப் பக்கம் அவள் பேசுவாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சவுண்டு அண்ணன் பதிவு செய்வார். முதலில் ஒருவர் பேசி முடிப்பார். பிறகு அடுத்தவர் உள்ளே வந்து, முன்னவர் பேசியதை ஹெட்போனில் கேட்டு, அதற்குப் பதில் பேசுவார். அதுதான் அங்கே வழக்கம்.

வரி வரியாகப் போனது. செம்முடி நெருப்புப் பறவையை இறக்கினான். சாம்பல் கோட்டு ஆமையை இறக்கினான். பறவை ஆமை ஓட்டில் மோதிப் பொசுங்கியது. செம்முடியின் கையில் அட்டை தீர்ந்தது. அவன் மேசை முன்னால் நின்றான்.

அந்த நேரம் பார்த்து டைரக்டர் அக்காவின் போன் அடித்தது.

"தம்பி, அந்தக் கடைசி வரியை முடிச்சு வை. இதோ வந்துடறேன்" என்று சவுண்டு அண்ணனிடம் சொல்லிவிட்டு வெளியே போனார்.

சவுண்டு அண்ணன் கையில் பன் இருந்தது. கண் திரையில் இருந்தது. திரையில் உதடு மூடும்போது பேச்சிலும் உதடு மூட வேண்டும். அவ்வளவுதான் அவருடைய கவலை. என்ன பேசுகிறார்கள் என்பதைக் கேட்பது அவர் வேலை இல்லை.

மிளகாய்க்கு அது தெரியும். 'உண்மையா' என்று சொல்லும்போது நடுவில் உதடு மூடும். அதே இடத்தில் உதடு மூடும் வேறொரு சொல்லும் இருந்தது.

விளக்கு எரிந்தது. பேசலாம் என்று அதற்கு அர்த்தம். மிளகாய் மைக்கைப் பார்த்துச் சொன்னாள்.

"வேணும்னே தோத்துட்டேன். நீ ஜெயிச்சுக்க."

சவுண்டு அண்ணன் பன்னைக் கடித்தபடி கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். உதடு அச்சாகப் பொருந்தியிருந்தது.

மிளகாய் தலை நிமிர்ந்து வெளியே வந்தாள். செம்முடி தோற்றான், ஆனால் தோற்கவில்லை. போனால் போகிறது என்று விட்டுக்கொடுத்துவிட்டான். வகுப்பில் யாரும் ஒரு வார்த்தை பேச முடியாது.

"சொல்லிட்டியா?" என்றான் கிணறு.

"சொல்லிட்டேன். உள்ள போய்க் கேட்டுக்கோ. காதைத்தான் சுத்தம் பண்ணிட்டு வந்திருக்கியே."

அவன் துள்ளிக்கொண்டு உள்ளே போனான். மற்றதையெல்லாம் முன்பே பேசி முடித்திருந்தான், அவனுக்கு ஒரே ஒரு வரிதான் பாக்கி. சாம்பல் கோட்டு சிரித்துக்கொண்டே கண் கலங்கி, "இதுக்காகத்தான் பதினோரு தடவை தோத்தேன்" என்று சொல்ல வேண்டும். தாள் கைக்கு வந்ததிலிருந்தே அந்த வரியை அவன் முணுமுணுத்துக்கொண்டிருந்தது மிளகாய்க்குத் தெரியும். படிக்கட்டில் தனியாக உட்கார்ந்தும் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவன் ஹெட்போனில் அவளுடைய வரி ஓடியது.

கிணறு வாயைத் திறந்தான். குரல் வரவில்லை.

"என்னடா, மறந்துட்டியா?" என்றார் சவுண்டு அண்ணன். "இன்னொரு தடவை போடறேன்."

மறுபடியும் ஓடியது. கிணறு கையிலிருந்த தாளைப் பார்த்தான். பிறகு கண்ணாடி வழியாக மிளகாயைப் பார்த்தான்.

இப்போது போட்டுக் கொடுப்பான் என்று மிளகாய் காத்திருந்தாள். கத்தட்டும். கத்தினால் திருப்பிக் கத்துவதற்கு அவளிடம் நிறைய இருந்தது.

அவன் கத்தவில்லை. தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். மூன்றாவது முறை வரி ஓடியதும் பேசினான்.

"இதுக்காகத்தான்... பதினோரு தடவை தோத்தேன்."

கிணற்றில் கல் விழுந்தது போல இருந்தது அந்தக் குரல்.

"அழுகை பிரமாதம்" என்றார் சவுண்டு அண்ணன். இரண்டு வரியையும் சேர்த்துத் திரையில் ஓட்டிக் காட்டினார்.

மிளகாய் பார்த்தாள். திரையில் சாம்பல் கோட்டு சிரித்துக்கொண்டிருந்தான். முன்பு தாளில் படித்தபோது அது ஜெயித்தவன் சிரிப்பு. இப்போது அப்படி இல்லை. நாலு பேர் முன்னால் அறை வாங்கிய ஒருவன், வலிக்கவில்லை என்று காட்டச் சிரிப்பது போல இருந்தது.

கோபம் அவளுக்குத் தலைக்கு ஏறியது. இந்த முறை யார் மேல் என்று கொஞ்ச நேரம் அவளுக்கே தெரியவில்லை. சவுண்டு அண்ணன் மேலா? அவர் பாவம், பன் தின்கிறார். கிணறு மேலா? அவன் போட்டுக் கொடுக்கவே இல்லை. சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். கோபம் வந்து நிற்க வேறு ஆள் கிடைக்கவில்லை. அவளிடமே வந்து நின்றது.

பதினோரு முறை அவன் தோற்றபோது ஒரு வார்த்தை மாற்றாமல் சொல்லியிருந்தான். ஒரே ஒரு முறை ஜெயித்தான். அதைப் பிடுங்கிக்கொண்டாள்.

கிணறு வெளியே வந்து செருப்பை மாட்டினான்.

"ஏன் அண்ணன்கிட்ட சொல்லல?" என்று மிளகாய் சீறினாள்.

"என்ன சொல்றது?"

"வரியை நான் மாத்திட்டேன்னு."

"சொன்னா மட்டும்? நீதான் விட்டுக்கொடுத்துட்டியே. ஜெயிச்சுக்கிட்டேன். வரேன்."

"நில்லு. அந்தச் செருப்பைக் கழட்டு."

"எதுக்கு?"

"கழட்டுன்னா கழட்டு."

டைரக்டர் அக்கா போனை அணைத்துக்கொண்டு வந்தார். "முடிஞ்சுதா? கிளம்புங்க, கிளம்புங்க. நாலு மணிக்குப் பற்பசை விளம்பரத்துக்காரங்க வராங்க."

"முடியல அக்கா. நான் வரியை மாத்திப் பேசிட்டேன். மறுபடியும் பேசணும். அவனும் பேசணும்."

சவுண்டு அண்ணன் பன்னை மெல்வதைக்கூட நிறுத்திவிட்டார்.

அத்தை எழுந்து வந்து அவள் தோளைப் பிடித்தார். குரலைத் தாழ்த்திச் சொன்னார். "யாரும் கண்டுபிடிக்கலையே. நீயா போய் ஏன் தலையக் குடுக்கிற? தப்புப் பண்ணிட்டேன்னு நம்ம வீட்டுல யாரும் சபையில சொன்னதா சரித்திரமே இல்ல."

"அப்ப இன்னிக்கு ஆரம்பிக்கட்டும் அத்தை" என்றாள் மிளகாய் பல்லைக் கடித்துக்கொண்டு.

அத்தையின் கை தோளிலிருந்து இறங்கியது.

டைரக்டர் அக்கா திட்டினார். நன்றாகவே திட்டினார். அவருக்கு மூச்சு வாங்கும்வரை மிளகாய் அசையாமல் நின்று அத்தனையையும் வாங்கிக்கொண்டாள்.

"பத்து நிமிஷம்" என்றார் அக்கா கடைசியில். "விளம்பரத்துக்காரங்க வாசல்ல வந்து நிக்கிறாங்க. போ."

மிளகாய் உள்ளே போனாள். விளக்கு எரிந்தது.

"உண்மையா தோத்துட்டேன். நீ ஜெயிச்சுட்ட."

"அழுகை எங்கடி?"

"வரல அக்கா. கோபம்தான் வருது."

"அழு."

இரண்டாவது முறை முயன்றாள். ஆட்டுக்குட்டி தும்மியது போல வந்தது. சவுண்டு அண்ணன் சிரிப்பை அடக்கக் குனிந்துகொண்டார். மிளகாயின் இரண்டு காதும் தக்காளியாகிவிட்டன.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கிணறு நின்றுகொண்டிருந்தான். அவன் மட்டும் சிரிக்கவில்லை. அவள் திரையைப் பார்ப்பதை விட்டுவிட்டாள். வாயசைவு அவளுக்கு ஏற்கனவே மனப்பாடம். அவனை நேராகப் பார்த்தாள். தோற்றது பிடிக்கவில்லை. துளிக்கூடப் பிடிக்கவில்லை. ஆனால் அது உண்மை. இரண்டையும் சேர்த்து, ஒவ்வொரு சொல்லாகக் கடித்துத் துப்பினாள்.

"உண்மையா. தோத்துட்டேன். நீ ஜெயிச்சுட்ட."

டைரக்டர் அக்கா படத்தை நிறுத்தி, செம்முடியின் முகத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். புருவம் நெரிந்திருந்தது. கை முஷ்டி பிடித்திருந்தது. கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

"அட" என்றார் அக்கா. "இவன் எங்க அழறான்? கொதிச்சுப்போய் நிக்கிறான். நான்தான் சரியாப் பாக்காம அழுகைன்னு எழுதிட்டேன்." தாளை எடுத்து அந்தச் சொல்லை அடித்தார். "கிணறு, உள்ள போ."

கிணறு போனான். ஹெட்போனில் அவள் வரி ஓடியது. அவன் முகம் மெல்ல விரிந்தது.

"இதுக்காகத்தான் பதினோரு தடவை தோத்தேன்" என்றான். கடைசிச் சொல்லில் குரல் உடைந்து, பின்னாலேயே சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு தாளில் இல்லை. ஆனாலும் அக்கா நிறுத்தச் சொல்லவில்லை.

வெளியே வந்ததும் சவுண்டு அண்ணன் இருவரிடமும் ஒரு பெட்டியை நீட்டினார். தொடரில் வரும் அதே அட்டைகள். டிவிக்காரர்கள் அனுப்பி வைத்தவை. படிக்கட்டில் உட்கார்ந்து இருவரும் அதைப் பிரித்தார்கள்.

"இந்த ஆமை எதை அடிக்கும்?" என்றான் கிணறு.

"எனக்கெப்படித் தெரியும்?"

"பதினோரு தடவை ஜெயிச்சவ நீதானே?"

"நான் எங்க விளையாடினேன்? கத்தத்தான் கத்தினேன்."

அத்தை கண்ணாடியை மாட்டிக்கொண்டு பெட்டியின் பின்புறத்தைப் படித்தார். விதிகளைச் சொன்னார். தபால் பிரிப்பது போல ஆளுக்குப் பத்து அட்டை பிரித்துக் கொடுத்தார். பிறகு, "ஒழுங்கா ஆடு. பாத்துக்கிட்டே இருப்பேன்" என்று மேல் படியில் முதுகு நிமிர்ந்து உட்கார்ந்தார். யாரிடம் சொன்னார் என்பது தெரியவில்லை.

கால் மணி நேரத்தில் கிணறு ஜெயித்துவிட்டான்.

மிளகாய் தன் கையைப் பார்த்தாள். ஓர் அட்டைகூட மிச்சமில்லை. காது சிவந்தது.

"தோத்துட்டேன்" என்றாள்.

கிணறு சிரித்துக்கொண்டே எழுந்து, சட்டையில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டினான்.

"எங்க போற?" என்றாள் மிளகாய், சிதறிக் கிடந்த அட்டைகளை வாரிக் குலுக்கியபடி. "இன்னும் ஒரு ஆட்டம். உக்காரு."

அவன் உட்கார்ந்தான்.