ஐந்தாம் துண்டின் பலம்

காலை பத்து மணிக்கு இராஜமாணிக்கத்தின் பீங்கான் பட்டறையில் இடி விழுந்தது.

அங்கே மண் கலவை தயாரிக்கும் செல்வநாயகி மாதக்கணக்கில் பாடுபட்டு உருவாக்கிய புதுக் களிமண் கலவை, பலச் சோதனையில் பழைய கலவையிடம் படுதோல்வி அடைந்திருந்தது. கணினித் திரையில் எண்கள் அப்படித்தான் சொல்லின. சிறிய அளவில் செய்து பார்த்தபோதெல்லாம் ஜெயித்த கலவை, சோதனைத் துண்டுகளாகப் பெரிய சூளைக்குள் போய்வந்ததும் எப்படித் தோற்கும்?

முதலாளி இராஜமாணிக்கம் யோசித்தார். யோசித்த வேகத்தில் ஓர் ஆளும் அகப்பட்டார்: சூளைக்காரர் கலியமூர்த்தி. பழைய மண்ணை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று ஊரெல்லாம் பேசித் திரிந்தவர் அவர்தானே!

"துண்டுங்கள நம்பர் மாத்தி வெச்சியா இல்லியா?"

"சத்தியமா இல்லீங்க மொதலாளி."

"நாளைலேருந்து வேலைக்கு வராத."

இந்தக் கெட்ட பெயரோடு விருத்தாசலத்தில் வேறு எந்தச் சூளையில் கலியமூர்த்தியை அண்டவிடுவார்கள்? நாற்காலி இருந்தும் உட்காரத் தோன்றாமல் சுவரோரம் நின்றார்.

செல்வநாயகிக்கு மனசு கேட்கவில்லை. ஜங்ஷன் ரோட்டில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்தும் சந்திரலேகாவுக்குப் போன் போட்டாள். காணாமல் போன ஃபைல்களோடு ஒருமுறை காணாமல் போன ஸ்கூட்டரையும் கண்டுபிடித்துக் கொடுத்தவள் அவள். அந்தத் தெருவே அவளைப் பாதி கேலியும் பாதி மரியாதையுமாக 'சிஐடி மேடம்' என்றுதான் கூப்பிடும்.

வந்தவள் கணினிப் பக்கம் திரும்பவேயில்லை. கலியமூர்த்தியை அழைத்துக்கொண்டு நேரே சூளைக்குப் போனாள்.

"எப்படி அடுக்குவீங்கண்ணே?"

"புதுசு ஒண்ணு, பழசு ஒண்ணுன்னு மாத்தி மாத்திங்க. சூளையில ஒரு பக்கம் சூடு ஜாஸ்தி. ரெண்டுக்கும் ஞாயமாக் கெடைக்கணும்ல? ஒத்தப்படை நம்பரெல்லாம் புதுசு, ரெட்டப்படை பழசு."

"மொதல்ல எது உள்ள போச்சு?"

"களிமண்ணுல புடிச்ச புள்ளையாருங்க. அவரு போவாம எதுவும் உள்ள போவாது."

"வரிசைய யாரு எழுதுனது?"

"நாந்தாங்க. சூளை ரூம்பு கம்ப்யூட்டர்ல அடிச்சேன்." அந்த நிலைமையிலும் அவர் முகத்தில் ஒரு பெருமை எட்டிப் பார்த்தது. தமிழில் தட்டச்சு செய்ய அவராகவே கற்றுக்கொண்டிருந்தார்.

"எடுக்கறப்ப எதாச்சும் உடைஞ்சுதா?"

"அஞ்சாம் நம்பரு மட்டும் ரெண்டாப் பூடிச்சுங்க. இந்தா, தட்டுல கெடக்குது. மிச்சத்தத்தான் கடலூரு லேபுக்கு அனுப்புனோம்."

சந்திரலேகா அந்த இரண்டு சில்லுகளையும் எடுத்துக்கொண்டு ஆபீசுக்கு வந்தாள். கூடவே வந்த கலியமூர்த்தி பழையபடி சுவரோரம் நின்றார். கணக்குப் பார்க்கும் அறிவழகன் எழுந்து நின்றான்.

"லேப்லேருந்து என்ன வந்துது?"

"வெறும் எண்ணுங்க மேடம், வரிசையா. எந்தத் துண்டு எவ்ளோ கனம் தாங்குச்சுன்னு. உடைஞ்சதுக்கு ஜீரோ. அண்ணன் அடிச்ச வரிசைக்குப் பக்கத்துல அத அப்படியே ஒட்டுனேன்."

அவள் திரையைப் பார்த்தாள். நான்காம் துண்டுக்கு ஜீரோ. ஐந்தாம் துண்டுக்கு நல்ல எண். கடைசித் துண்டுக்கு எதிரே காலி.

"கடைசிக்கு ஏன் ஒண்ணுமில்ல?"

"லேப்ல வுட்டுட்டாங்க போலங்க."

சில்லுகளை மேசைமேல் வைத்தாள். "அஞ்சாம் துண்டு இங்க ரெண்டாக் கெடக்குது. கடலூருக்குப் போவாமலே எப்படி இவ்ளோ கனம் தாங்குச்சு?"

கலியமூர்த்தி சுவரை விட்டு ஓரடி முன்னால் வந்தார்.

"ஒட்டுனதுக்கப்புறம் எதயாச்சும் அழிச்சீங்களா அறிவழகன்?"

"மொத வரி மட்டும் இங்கிலீஷ் எழுத்தும் புள்ளியுமாக் கிறுக்கலா இருந்துது. ஏதோ குப்பைன்னு அந்த வரிய மொத்தமா எடுத்துட்டேன்."

"நீங்க எடுத்தது புள்ளையார!" என்றாள் சந்திரலேகா. "அண்ணன் உள்ள வெச்சத எல்லாம் ஒழுங்கா அடிச்சிருக்காரு, புள்ளையாரையும் சேத்து. துண்டுக்கெல்லாம் வெறும் நம்பரு, புள்ளையாருக்கு மட்டும் தமிழ்ல பேரு. அந்தத் தமிழ் எழுத்து இந்தக் கம்ப்யூட்டர்ல இல்ல, அதான் கிறுக்கலாத் தெரிஞ்சுது. புள்ளையார் லேபுக்குப் போவல. அதனால ஒண்ணாம் துண்டோட எண்ணு அவரு பக்கத்துல ஒட்டிக்கிச்சு. வரிய அழிச்சப்ப அதுவும் போச்சு. மிச்சமிருந்த ஒவ்வொரு எண்ணும் முந்துன துண்டுக்குப் போயிடுச்சு. மாத்தி மாத்தி அடுக்குனதால புதுசோட பலமெல்லாம் பழசுக்கு, பழசோடது புதுசுக்கு!"

அறிவழகன் நாக்கைக் கடித்துக்கொண்டான். அவள் கலியமூர்த்தி அடித்த பழைய ஃபைலைத் திறந்து, பிள்ளையாரை முதலில் தனியே எடுத்துவிட்டு, பிறகு எண்களை ஒட்டினாள். ஜீரோ ஐந்தாம் துண்டுக்கு வந்தது, கடைசிக் கட்டம் நிரம்பியது, உடைந்த அந்த ஒன்றைத் தவிர புதுக் கலவை எல்லா இடத்திலும் ஜெயித்திருந்தது. செல்வநாயகி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"மனசுல வெச்சிக்காத கலியமூர்த்தி. நாளைக்கும் நீதான் சூள வெக்கணும்," என்றார் இராஜமாணிக்கம், தலையைத் தூக்காமல்.

தன்னுடைய பழைய மண் தோற்றதற்கு இவ்வளவு சந்தோஷப்படுவோம் என்று கலியமூர்த்தி கனவிலும் நினைத்ததில்லை. ஸ்கூட்டி வரை சந்திரலேகாவின் பின்னாலேயே போனார். கை தானாகக் குவிந்தது.

"காலையிலேருந்து எல்லாரும் என்னக் கேட்டதெல்லாம் ஏன் இப்படிச் செஞ்சேன்னுதாம்மா. நீங்க ஒருத்தர்தான் எப்படி வேல செய்வேன்னு கேட்டீங்க. நீங்க நல்லா இருக்கணும்."