பச்சை விளக்கு சொன்ன பொய்

"அம்மா…ஆ…ஆ!"

மகன் போட்ட அலறலில், பக்கத்து வீட்டில் சுவர் இடித்துக்கொண்டிருந்தவர்கள் சம்மட்டியைக் கீழே போட்டார்கள்!

கட்டிலுக்கும் ஏர் ப்யூரிஃபையருக்கும் நடுவில் அம்மா சுருண்டு கிடந்தாள். ஆஸ்துமாக்காரி. உதடு நீலம் பாரித்திருந்தது. தூசி வரக்கூடாதென்று ஜன்னல்கள் எல்லாம் இறுக்கி மூடியிருந்தன. மெஷின் மட்டும் விடாமல் ஓடிக்கொண்டிருந்தது. அதன் ஃபில்டர் விளக்கு, ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி பச்சையாக எரிந்தது.

ஆம்புலன்ஸ் வந்தது.

கூட ஏறப்போன மருமகளை மகன் தோளைப் பிடித்து இறக்கிவிட்டான்.

"நீ எங்கம்மாவைத் தொடாதே!"

அவனாவது போயிருக்க வேண்டும். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. வீட்டிலிருந்த தன் தங்கையை ஏற்றி அனுப்பிவிட்டு, போலீஸுக்கு போன் போட்டான்!

இன்ஸ்பெக்டர் வந்து சோபாவில் உட்கார்ந்தார்.

சரக்… சரக்…

கடையில் வாங்கியபோது இருந்த பாலிதீன் கவர் இன்னும் சோபாவில் இருந்தது. டீபாய் மேல் கிடந்த ரிமோட்டுக்கும் ஒரு கவர்.

"சொல்லுங்க. யாரு மேல சந்தேகம்?"

"சந்தேகமே இல்ல சார். இவதான்! என் பொண்டாட்டி! அந்த மெஷின்ல கை வெச்சது இவதான்!"

வாசலில் தெருவே கூடியிருந்தது. மருமகள் சுவரோடு ஒட்டி நின்றாள்.

"நீ சொல்லும்மா."

"போன வாரம் ஃபில்டர் விளக்கு சிவப்பாச்சு சார். மாத்தணும்னு சொன்னேன். இவர், கழுவிப் போட்டாப் போதும்னார். வெளியில இருக்கற வலையைத்தான் சார் கழுவலாம். உள்ள இருக்கற மடிப்பு ஃபில்டரையும் கொண்டுபோய் குழாயடியில பிடிச்சுட்டார்!"

"கழுவினா என்ன ஆகும்?"

"காகிதம் மாதிரி சார் அது. ஊறி ஒட்டிக்கிச்சு. நாத்தம் வேற."

இன்ஸ்பெக்டர் மகனைத் திரும்பிப் பார்த்தார்.

"சார் எங்க வேலை பாக்கறீங்க?"

"தொழிற்சாலையில… பாதுகாப்பு அதிகாரி."

வாசலில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவன் காது மடல் சிவந்தது.

"கம்பெனிக்காரன் வியாபாரத்துக்காக மாத்தச் சொல்றான்னு நெனச்சேன் சார்… அதை விடுங்க! அப்புறம் புதுசு மாட்டினது இவ. அதைக் கேளுங்க!"

"ஆமா சார். நானே வாங்கிட்டு வந்து மாட்டினேன். பட்டனை அழுத்தினதும் பச்சை வந்துச்சு."

இன்ஸ்பெக்டர் எழுந்து போய் மெஷினின் மூடியைக் கழற்றினார்.

அதிர்ந்தார்!

உள்ளே புத்தம் புது ஃபில்டர். அதைச் சுற்றி… பளபளவென்று பாலிதீன் கவர்!

"பாத்தீங்களா சார்! கவரோட மாட்டியிருக்கா! காத்து உள்ள போகாதுன்னு தெரிஞ்சே செஞ்சிருக்கா! கொலைகாரி!"

"ஐயோ… இல்ல சார்! நான் கவரைப் பிரிச்சுதான் மாட்டினேன்! சத்தியமா!"

"அடிப்பாவி!" என்றது வாசல்.

இன்ஸ்பெக்டரோடு வந்திருந்த பெண் போலீஸ் மருமகளின் மணிக்கட்டைப் பிடித்தாள். நேற்றுவரை கூடப்பிறந்தவள் போலப் பழகிய எதிர்வீட்டுக்காரி செல்போனை உயர்த்திப் படம் எடுத்தாள். மருமகள் தலையைக் குனிந்துகொண்டாள். தப்பே செய்யாமல் கூனிக் குறுகி நிற்பதுபோல் கொடுமை வேறு இல்லை.

"ஒரு நிமிஷம்…"

இன்ஸ்பெக்டர் கவரை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு ஓரம் வெட்டியிருந்தது. வெட்டிய இடத்தை செலோ டேப் போட்டு ஒட்டியிருந்தார்கள். டேப்பின் நுனி, பிரிக்க வசதியாக, குட்டியாக மடித்திருந்தது.

ரிமோட்டை எடுத்தார்.

அங்கேயும் செலோ டேப். அங்கேயும் நுனியில் அதே குட்டி மடிப்பு!

"இதுக்குக் கவர் போட்டது யாரு?"

"அம்மா…"

"சோபா கவரைப் பிரிக்க விடாதது?"

"அ…ம்மா…" மகனின் குரல் தேய்ந்தது.

"ரெண்டு பேரும் வண்டியில ஏறுங்க!"

ஆஸ்பத்திரி.

அம்மா கண் விழித்திருந்தாள். மூக்கில் ஆக்ஸிஜன் குழாய். இன்ஸ்பெக்டர் கவரைத் தூக்கிக் காட்டியதும் அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"நான்தான்… போட்டேன்."

"அம்மா!"

"ஒண்ணைத்தான் நீ கழுவிக் கெடுத்துட்டே. இது மருமக எனக்காக வாங்கினது. கழட்டிப் பாத்தேன்… வெள்ளை வெளேர்னு இருந்துச்சு. இந்தத் தூசியில அழுக்காயிடுமேன்னு மனசு கேக்கலை. அது வந்த கவரையே தேடி எடுத்து மாட்டிட்டேன். விளக்கு பச்சையாத்தானேப்பா எரிஞ்சுது?"

"அந்த விளக்குக்குக் கண்ணு கிடையாதும்மா," என்றார் இன்ஸ்பெக்டர். "எத்தனை நேரம் ஓடுச்சுன்னுதான் அதுக்குக் கணக்கு. காத்து போச்சா இல்லையான்னு தெரியாது."

"மூச்சு முட்டறப்பதான் புரிஞ்சுது. கூப்பிட்டுச் சொல்ல… வெக்கமா இருந்துச்சு. கவரை எடுத்துடலாம்னு எழுந்தேன், விழுந்துட்டேன்."

மருமகள் அவள் கண்ணைத் துடைத்தாள்.

"அழுக்காகறதுதான் அத்தை அதுக்கு வேலையே! அது அழுக்கானாத்தான் நீங்க நல்லா இருப்பீங்க."

அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு விசும்பினாள்.

மகனுக்கு, நிற்கிற இடம் பிளந்து உள்ளே விழுங்கினால் தேவலை என்றிருந்தது. கொலைகாரி என்று கத்திய தன் குரல் இன்னும் அவன் காதிலேயே ஒலித்தது. மனைவியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தரையைப் பார்த்து முணுமுணுத்தான்.

"மன்னிச்சுடு…"

இன்ஸ்பெக்டர் தொப்பியை மாட்டிக்கொண்டார்.

"திட்டினது தெரு முழுக்கக் கேட்டுச்சு. மன்னிப்பு மட்டும் ரகசியமா சார்?"

அவன் நிமிர்ந்தான். வார்டே திரும்பிப் பார்க்கும்படி, உரக்கச் சொன்னான்.

"தப்பெல்லாம் என்னோடது! என்னை மன்னிச்சுடு!"

மருமகள் நிதானமாக அவனைப் பார்த்தாள்.

"கல்யாணமானதுலேர்ந்து இன்னிக்குத்தான் முதல் தடவையா மன்னிப்பு கேக்கறீங்க… புத்தம் புதுசு! அழுக்காயிடப் போகுது, ஒரு கவர் போட்டு வெச்சுக்குங்க!"