பதினேழாம் அறையின் வில்லை

படகு முட்டும் தூரத்துக்கு வந்த பிறகுதான், கடற்படை கழித்துப்போட்ட கெர்சான் கப்பல் கண்ணில் பட்டது. அதுவரை ஆற்றின்மேல் வெறும் மூடுபனிதான். காலை ஒன்பதரை மணி ஆகியும் லாந்தெவெனெக் வளைவில் கையிலிருந்த துடுப்பின் நுனிகூடத் தெரியவில்லை. திடீரென்று பனிக்குள்ளிருந்து ஓர் இரும்புச் சுவர் எழுந்து தலைக்குமேல் நின்றது. துரு வடிந்து வடிந்து பக்கவாட்டெல்லாம் பழுப்புக் கோடுகள். பீரங்கிகளை முன்பே கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

"இதோ நம்ம கிழம்," என்றான் அதில் உடன் வேலை பார்த்த எர்லே. "நாளைக்கு இந்நேரம் இழுவைக் கப்பல் வந்து உடைக்கிற இடத்துக்கு இழுத்துக்கிட்டுப் போயிடும். நீயே அழுதுடுவியா, இல்ல உனக்கும் சேர்த்து நானே அழணுமா?"

மத்துரேன் காலடியில் கிடந்த கித்தான் பையை இன்னும் இறுக்கிச் சுருட்டினான்.

"அது என்னய்யா பை? கப்பலையே பொட்டலம் கட்டி உன் பொண்டாட்டி கத்தெலுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கப் போறியா?"

"பழைய சாமான் ஏதாவது இருந்தா எடுக்கலாம்னுதான்."

பொய். அந்தப் பை எலும்புகளுக்காக.

கெர்சான் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் பிறந்த குரூசர் வகைப் போர்க்கப்பல். இத்தனை டன்னுக்குமேல் கட்டக்கூடாது என்று வல்லரசுகள் ஒப்பந்தம் போட்டிருந்த காலம். எடைக்குப் பயந்து கவசத்தைக் குறைத்து, வேகத்துக்காக எஞ்சினைப் பெருக்கினார்கள். தகர டப்பா என்று மற்றக் கப்பல்காரர்கள் கேலி பேசுவார்கள். அந்தத் தகர டப்பாதான் சைகோன் போனது, டக்கார் போனது, போர்க்காலத்தில் அலெக்சாந்திரியாவில் மூன்று வருடம் அசையாமல் கிடந்தது. ஒரு குண்டுகூட அதன்மேல் விழவில்லை. அதில் செத்தவன் ஒரே ஒருவன். அது கடற்படைக்குத் தெரியாது.

மத்துரேனுக்குத் தெரியும்.

முப்பத்தொன்பதாம் வருடம் ஏப்ரல் மாதம், பிரெஸ்ட் துறைமுகம். கப்பலின் இரண்டு அடித்தட்டுகளுக்கு நடுவே, ஆள் தவழ்ந்து போகும் உயரத்தில் வரிசையாக இரும்பு அறைகள் உண்டு. துருப் பிடிக்காமலிருக்கச் சிவப்புப் பெயிண்ட் அடிக்க ஆட்கள் அதற்குள் இறங்குவார்கள். இறங்குகிறவன் தன் எண் பொறித்த பித்தளை வில்லையை மேலே பலகையில் மாட்டிவிட்டுத்தான் இறங்க வேண்டும். ஏறி வந்ததும் தன் கையாலேயே எடுக்க வேண்டும். அடுத்தவன் வில்லையை எவனும் தொடக்கூடாது. பலகை காலியானாலும் மூடியைச் சாத்தியதும் மூன்று முறை தட்டிப் பார்க்க வேண்டும். உள்ளே ஆள் இருந்தால் இரண்டு முறை தட்டுவான். அதன் பிறகே திருகாணியை முடுக்கலாம்.

அன்று கப்பல் கிளம்ப ஒரு மணி நேரம்தான் இருந்தது. பலகையில் ஒரே ஒரு வில்லை தொங்கியது. ஜொபிக்கின் வில்லை. ஜொபிக் மத்துரேனின் உயிர் நண்பன். சற்று முன்புதான் அவனைப் போலவே தோளை ஆட்டி நடக்கும் ஒருவன் கரைக்கு இறங்குவதை மத்துரேன் பார்த்திருந்தான். துறைமுகத்தை ஒட்டிய ரெகுவ்ரான்ஸில் அவனுக்கு ஒரு பெண் இருந்தாள். வில்லையை எடுக்க மறந்து ஓடியிருக்கிறான், மாட்டிக்கொண்டால் பதினைந்து நாள் தண்டனை என்று எண்ணி, நட்புக்காக மத்துரேன் வில்லையை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டான்.

தட்டிப் பார்க்கவில்லை. பதினேழாம் அறையின் மூடியை முடுக்கிவிட்டான்.

மறுநாள் நடுக்கடலில் பாய்லர் அறைத் தரைக்கு அடியிலிருந்து சத்தம் வந்தது. மூன்று தட்டு. எஞ்சின் இரைச்சலில் அது அவன் காதுக்கு மட்டுமே கேட்டது. சொன்னால் விசாரணை, சட்டைக்கையில் புதிதாகத் தைத்த பதவிப் பட்டை போய்விடும், ஒருவேளை சிறை. சாயங்காலம் சொல்லலாம் என்று இருந்தான். சாயங்காலம் ஆனதும் காலையில் சொல்லலாம் என்று இருந்தான். மூன்றாம் நாள் சத்தம் நின்றுவிட்டது.

ஜொபிக் ஓடிப்போனவன் என்று பதிவானது. மத்துரேன் அந்தக் கப்பலைவிட்டு நகரவே இல்லை. பதவி உயர்வு மூன்று முறை வந்தது, வேண்டாமென்றான். அடித்தள அறைகள் அவன் பொறுப்பு. ஒவ்வொரு பரிசோதனையிலும் பதினேழாம் அறைக்கு நேரே, திறக்காமலே, 'உலர்ந்துள்ளது' என்று எழுதினான். கப்பல்மேல் என்ன பாசம் பார் என்று ஊரே மெச்சியது. போர் முடிந்ததும் ஜொபிக்கின் தங்கை கத்தெலைக் கல்யாணம் செய்துகொண்டான். அவள் இன்றைக்கும் அண்ணனைத் தேடி ஏதாவதொரு நாட்டுத் தூதரகத்துக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறாள்.

நாளை உடைக்கிறவர்கள் மூடியைத் திறப்பார்கள். அதற்குள் உள்ளே கிடப்பதை எடுத்து ஆற்றில் போட்டுவிட்டால் கத்தெலுக்கு எதுவும் தெரியவராது.

"நான் முன்பக்கம் போய் நங்கூரச் சங்கிலியைப் பார்க்கிறேன்," என்றான் எர்லே, கப்பலில் ஏறியதும். "நீ உன் அடித்தளத்துக்கு ஒரு முத்தம் கொடுத்துட்டு வா. அரை மணியில அங்க வர்றேன்."

நான்கு ஏணிகள். ஒவ்வொரு ஏணிக்கும் வெளிச்சம் ஒரு படி குறைந்தது. பாய்லர் அறையில் பகலென்பதே இல்லை. பழைய எண்ணெய் நாற்றம், ஈர இரும்பு நாற்றம். எங்கோ சொட்டு விழுந்துகொண்டிருந்தது. டார்ச்சை அடித்தான். பலகை அப்படியே இருந்தது. பழக்கதோஷம், 412 என்ற தன் வில்லையை எடுத்து மாட்டினான். ஸ்பேனரைத் திருகாணியில் வைத்தான்.

சொட்டு நின்றது.

காலுக்கு அடியில், தட்டு.

தட்டு.

தட்டு.

ஓடியிருப்பான். ஆனால் ஓடினால் நாளை என்ன ஆகும் என்ற பயம் இந்தப் பயத்தைவிடப் பெரிதாக இருந்தது. தண்ணீர்தான், அலைதான் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எட்டுத் திருகாணியையும் கழற்றினான். மூடியைப் புரட்டினான். செத்த வாசனைக்குத் தயாராக வந்திருந்தான். வந்தது பெயிண்ட் வாசனை. ஈரம் காயாத புதுப் பெயிண்ட்.

இறங்கினான்.

எலும்பு இல்லை. துணி இல்லை. நான்கு சுவரும் மேலும் கீழும் செக்கச்செவேலென்று மினுமினுத்தன. கை வைத்தால் விரல் புதைந்தது. ஒரு பூச்சு இல்லை அது. ஒன்றின்மேல் ஒன்றாக, இரண்டு விரல் கனத்துக்கு, மூலையெல்லாம் வழுவழுப்பாகும்வரை பூசியிருந்தது. கோடியில் சின்ன டப்பா ஒன்று, ஓர் அறைக்கு ஒரு பூச்சுக்கு மட்டுமே காணும் டப்பா. அதன்மேல் பிரஷ். பிரஷ் நுனியிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

மத்துரேன் அழுதுவிட்டான். இருபது வருடமாய்ச் சட்டைப்பையிலேயே சுமந்த ஜொபிக்கின் வில்லையை வெளியே எடுத்தான். டப்பா பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விடலாம் என்று அறையின் கோடிவரை தவழ்ந்தான்.

டார்ச் அணைந்தது.

மேலே யாரோ விளக்கோடு நடக்கும் சத்தம். எர்லே வந்துவிட்டான் என்று ஒரு கணம் நிம்மதி. பிறகு மூடி இழுபடும் சத்தம். வட்ட வெளிச்சம் பிறையாகி, கீற்றாகி, இல்லாமல் போனது.

"எர்லே!" என்று கத்தப் பார்த்தான். தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது. இருட்டில் முழங்காலை இழுத்துக்கொண்டு வந்தான். ஸ்பேனர் மேலே இருந்தது. பெயிண்ட் வழுக்கியது. பக்கத்தில், காதுக்கு அருகே, இன்னொருவர் மூச்சு விடுவது கேட்டது.

அந்த மூச்சு அவசரப்படவில்லை.

முதல் திருகாணி இறுகியது. இரண்டாவது. பிறகு, மேலேயிருந்து, மூன்று தட்டு.

கையில் இருந்தது ஜொபிக்கின் வில்லை மட்டும்தான். அதைக்கொண்டே ஓங்கி அடித்தான். இரண்டு முறை.

மூடி மறுபடி திறந்தது. எர்லே அவனைக் கையைப் பிடித்துத் தூக்கி வெளியே போட்டான்.

"உள்ளயா இருந்த? பலகையில உன் வில்லை இல்லையே! அந்த ஆளு ஒரு வில்லையை எடுத்துக்கிட்டு மேல போனானே, அவனோடதுன்னு இருந்துட்டேன்!"

"எந்த ஆளு?"

"பெயிண்ட்காரன். முழங்கை வரைக்கும் சிவப்பு. போருக்கு முன்னாடி போடுவாங்களே, அந்த மாதிரி வேலை உடுப்பு, தொப்பியில குஞ்சம். இழுவைக் கப்பல் ஆளுன்னு நினைச்சேன். 'மத்துரேன் கரைக்குப் போறதை நான் பார்த்தேன், கீழ யாருமில்ல, மூடிடு'ன்னான். தட்ட வேணாம்னும் சொன்னான். பழகின கை, அதுவா தட்டிடுச்சு." அவன் மத்துரேனின் சட்டையில் அப்பியிருந்த சிவப்பைப் பார்த்தான். "நாளைக்கு உடைக்கப் போற கப்பலுக்கு எவன்யா பெயிண்ட் அடிச்சான்?"

மத்துரேன் கித்தான் பையை அங்கேயே விட்டுவிட்டான்.

வீடு கரையிலேயே இருந்தது, சமையலறை ஜன்னலைத் திறந்தால் கப்பல் தெரியும். கத்தெல் மேசை முன் உட்கார்ந்திருந்தாள். அடுப்பில் கோதுமை அப்பம் கருகிக்கொண்டிருந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"கதவை மூணு தடவை தட்டினாங்க," என்றாள். "சின்ன வயசுல எனக்கும் ஜொபிக்குக்கும் பக்கத்துப் பக்கத்துல கதவு வச்ச பெட்டிக் கட்டில். நடுவுல ஒரு பலகை. அப்பா கப்பல்ல தட்டுறதைச் சொல்லிக்கொடுத்தார்ல? நீ இருக்கியான்னு அவன் மூணு தட்டுவான், இருக்கேன்னு நான் ரெண்டு தட்டுவேன். அதே தட்டு. நானும் மேசையில ரெண்டு தட்டினேன். ஓடிப்போய்த் திறந்தா யாருமில்ல. படியில இதுதான் இருந்தது."

மேசைமேல் ஒரு பித்தளை வில்லை. 412. அதன்மேல் சிவப்பாக ஒரு பெருவிரல் ரேகை, இன்னும் காயவில்லை.

"உன் வில்லை உனக்கு முன்னாடி எப்படி வீட்டுக்கு வந்துச்சு?"

தவறி விழுந்தது என்று சொல்லலாம். எர்லே விளையாடுகிறான் என்று சொல்லலாம். இருபது வருடத்தில் இதைவிடப் பெரிய பொய்களையெல்லாம் அவளிடம் சொல்லியிருக்கிறான். வாயைத் திறந்தான். பிறகு கையை விரித்து ஜொபிக்கின் வில்லையைத் தன்னுடையதன் பக்கத்தில் வைத்தான். உட்காராமல், நின்றபடியே, எல்லாவற்றையும் சொன்னான்.

கத்தெல் கூச்சல் போடவில்லை. அண்ணனின் வில்லையை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். அப்பம் முழுக்கக் கரியாகும்வரை அப்படியே இருந்தாள்.

"அவன் தட்டினது உனக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"எத்தனை நாள்?"

"ரெண்டு நாள்."

"நீ பதிலுக்கு ஒரு தடவைகூடத் தட்டலையா?"



மறுநாள் பனி விலகியது. இழுவைக் கப்பல் வந்து கெர்சானைக் கட்டி இழுத்துப் போனது. உடைக்கும் இடத்தில் பதினேழாம் அறையைத் திறந்தபோது வெறும் துருவும் ஒரு காலி டப்பாவும்தான் இருந்தன என்று பின்னால் எர்லே கேள்விப்பட்டான். அன்று கத்தெலும் மத்துரேனும் ஜன்னலருகே நின்று, கப்பல் வளைவைத் தாண்டி மறையும்வரை பார்த்தார்கள். கப்பல் அங்கே வந்து நின்றதிலிருந்து முதல் முறையாக ஆற்றில் அந்த இடம் காலியாகக் கிடந்தது. முடிந்தது என்று மத்துரேன் நினைத்தான். வெட்கமில்லாமல் கொஞ்சம் நிம்மதிகூட வந்தது.

சமையலறைத் தரை கருங்கல் பாவியது. கீழே நிலவறை கிடையாது. வெறும் மண்.

தட்டு.

தட்டு.

தட்டு.

கத்தெல் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். தூதரகக் கடிதக் கட்டு மடியில் இருந்தது.

"இது எனக்கில்ல, உனக்கு," என்றாள். "பதில் சொல்லு."

மத்துரேன் மண்டியிட்டான். வில்லையால் கல்லில் இரண்டு முறை தட்டினான்.

கீழேயிருந்து மறுபடியும் மூன்று வந்தது, இந்த முறை இன்னும் கொஞ்சம் மேலேயிருந்து.