மூச்சு விடாத பூச்சு

பாலித்தீன் தாளுக்கு அடியில் பனி பிடித்திருந்தது. பிடிக்கட்டும், அதற்குத்தானே ஒட்டியது. கீழ்த்தளத்துச் சிமென்ட் தரையில் ஓதம் எவ்வளவு ஏறுகிறது என்று தெரிந்துகொள்ள, ஒரு முழத் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, மறுநாள் பார்க்கச் சொல்லியிருந்தார் பூச்சுக்காரர். ஆனால் அவள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து டார்ச் அடித்தபோது, பனி தாள் முழுக்கப் பரவாமல், நடுவில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு வட்டமாகப் படிந்திருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மங்கி மறைந்தது. கொஞ்ச நேரத்தில் மறுபடி படிந்தது. மறுபடி மறைந்தது.

டார்ச் சூட்டுக்கு அப்படித்தான் இருக்கும் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டு தாளை உரித்தாள். அடியில் கோத்திருந்த துளிகள் தண்ணீர்போல ஓடவில்லை. விரலில் ஒட்டி, நூல் இழுத்தன. வெதுவெதுப்பாகவும் இருந்தன. முகர்ந்து பார்த்தது அவள் தப்பு. மாதக்கணக்கில் துவைக்காத தலையணை உறையில் முகம் புதைத்த மாதிரி ஒரு மனித வாடை மூக்கில் ஏறி, தொண்டைக்குள் இறங்கியது. மேலே ஓடிப்போய் மூன்று தடவை சோப்புப் போட்டுக் கை கழுவினாள்.

கழுவினாளே தவிர, அந்த அறையை வேண்டாம் என்று விட்டுவிட முடியுமா? தம்பி வீட்டில் அப்பாவை இனி வைத்துக்கொள்ள மாட்டார்கள். தம்பி வாய்விட்டுச் சொல்லவில்லை. அவன் பெண்டாட்டி பாத்திரத்தைப் போடுகிற சத்தமே சொல்லிவிட்டது. இங்கே மேலே இருப்பது ஒரே படுக்கையறை. அப்பாவுக்கோ நுரையீரல் பாதி வேலை செய்யவில்லை. படுத்தால் நெஞ்சுக்குள் கீச் கீச் என்று ஒரு சத்தம், அடுத்த அறை வரைக்கும் கேட்கும். இன்னொரு தடவை சளி கட்டினால் ஆள் தாங்கமாட்டார் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்பா மூச்சு விட வேண்டும் என்றால் அந்தத் தரை காய்ந்தாக வேண்டும்.

"உங்கப்பாவைக் கூட்டிட்டு வா, நானா வேண்டாங்கறேன்?" என்றான் கணவன். "ஆனா அந்தப் பாதாளத்துல கொண்டுபோய் வெச்சா, மனுஷன் மேல காளான் முளைச்சிடும்டி."

"அதுக்குத்தாங்க பூச்சு" என்றாள்.

பூச்சுக்காரர் வாய் ஓயாத ஆள். படிக்கட்டில் மாதிரித் துண்டுகளைப் பரப்பி வைத்துக்கொண்டு கடை விரித்துவிட்டார்.

"ரெண்டே வகைதான் அக்கா. ஒண்ணு மூச்சு விடற பூச்சு. அடியில இருக்கற ஈரம் அது வழியா கொஞ்சம் கொஞ்சமா வெளிய வந்து காஞ்சிடும். ஆனா வாடை முழுசா போகாது. இன்னொண்ணு எபாக்ஸி. ஈரம் தாங்கற பிரைமர் அடிச்சு, மேல ரெண்டு கோட். கண்ணாடி கணக்கா அடைச்சிடும். ஒருதடவை ஒட்டிக்கிச்சுன்னா உளி வெச்சாலும் பிரியாது."

"அடைச்சா அந்த ஈரம் எங்க போகும்?"

"எங்கயாச்சும் போய்த் தொலையும். நமக்கென்ன?" என்று சிரித்தார்.

அவள் யோசிக்கவே இல்லை. அந்த வாடை அப்பா மூக்கில் ஒரு துளி ஏறினாலும் ஆகாது. "அடைச்சிடுங்க" என்றாள்.

பூச்சு பிடிப்பதற்கு முதலில் தரையை மிஷின் வைத்துத் தேய்க்க வேண்டும். தேய்த்தால் தூசி பறக்கும் என்று வீட்டுக் கதவையெல்லாம் சாத்தி வைத்திருந்தாள். தூசி பறக்கவே இல்லை. குளிக்கும்போது முதுகைத் தேய்த்தால் திரண்டு வருமே, அதைப்போல சாம்பல் நிறத்தில் அழுக்குத் திரி திரியாக உருண்டு வந்தது. அள்ள அள்ள வந்தது. முறம் நிறைய வாரி வாளியில் கொட்டினால், வாளிக்குள் அவை ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு மெல்ல நெளிந்து அமுங்கின. பூச்சுக்காரரின் பேச்சு குறைந்தது. பிறகு நின்றது. பிரைமரும் முதல் கோட்டும் அடித்துவிட்டு, வாசல் குழாயில் முழங்கைவரை தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். தோல் சிவந்தும் விடவில்லை.

இரண்டாவது கோட்டுக்கு ஆள் வரவில்லை. போன் போட்டாள்.

"நீங்களே அடிச்சுக்குங்க அக்கா. ரெண்டு டப்பாவையும் கலக்கணும், ரோலர்ல இழுக்கணும், அவ்ளோதான்."

"உங்க மிஷின் இங்கயே இருக்கே?"

"அதையும் வெச்சுக்குங்க" என்று போனை வைத்துவிட்டார்.

போனால் போகிறது என்று அவளே இறங்கினாள். மூக்கில் துணி கட்டிக்கொண்டு, மூலை முடுக்கு விடாமல், சுவரோரம் ஒரு சாண் உயரத்துக்கும் ஏற்றிப் பூசினாள். காய்ந்தபிறகு தரை ஈயப் பாத்திரம்போல மின்னியது. வாடை போன இடம் தெரியவில்லை. மறுபடி தாள் ஒட்டிச் சோதித்தாள். சொட்டு ஈரம் இல்லை. இதைச் சாதித்த பெருமை அவளுக்கு நிறையவே இருந்தது. மிச்சம் இருந்த டப்பாக்களையும் பிரஷையும் படிக்கட்டுக்கு அடியில் பத்திரப்படுத்தினாள்.

அப்பா வந்தார். கட்டில் போட்டு, புது மெத்தை விரித்து, விளக்கை வைத்தாள். முதல் வாரத்திலேயே கீச் கீச் சத்தம் குறைந்துவிட்டது. "இங்க நல்லா மூச்சு விட முடியுதும்மா" என்று அவர் சொன்னபோது அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. கணவன்கூட, "பரவால்லையே, மாமனார் தேறிட்டாரே" என்றான்.

தேறித்தான் வந்தார். ஆனால் உடம்பு ஈரமாகவே இருந்தது. துடைத்துவிட்டுத் திரும்புவதற்குள் நெற்றியில், கழுத்துமடிப்பில், விரலிடுக்கில் மறுபடி கசிந்தது. துடைத்த துண்டைப் பிழிந்தால் நூல் இழுத்தது. துவைக்காத தலையணை உறை வாடை. எங்கே மோந்தோம் இதை என்று யோசித்தவள், நினைவு வந்ததும் துண்டைத் தூர எறிந்தாள். பெற்ற அப்பாவைத் தொட அருவருக்கிறதே என்று தன்மேலேயே கோபம் வந்தது. போய் எடுத்துவந்து மறுபடி துடைத்தாள்.

கொஞ்ச நாளில் கட்டிலை வேண்டாம் என்றார். "தரை இதமா இருக்கும்மா. முதுகுக்குச் சுகமா இருக்கு." ஈயம்போல ஜில்லென்று இருக்க வேண்டிய தரை. அவள் செருப்பைக் கழற்றி உள்ளங்காலை வைத்துப் பார்த்தாள். காய்ச்சல்காரர் வயிற்றில் கை வைத்தாற்போல் இருந்தது. வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள்.

பிறகு கொப்புளங்கள். முதலில் சுவரோரம் மொச்சைக்கொட்டை அளவில். அப்புறம் அப்பாவைச் சுற்றி, எலுமிச்சை அளவில், கிண்ணம் அளவில். பூச்சு பழுப்பாக உப்பி, உள்ளே ஏதோ ததும்பியது. செருப்பு நுனியால் அழுத்தினால் உள்வாங்கி, நிதானமாக மேலே வந்தது. பூச்சுக்காரருக்குப் போன் அடித்தாள்.

"அடியில ஈரம் சேர்ந்தா அப்படி உப்பும் அக்கா. குத்தி விட்டுட்டு, மேல ஒரு கோட் பூசிடுங்க." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பக்கத்துல யாரும் படுக்கறது இல்லைல்ல?"

அவள் போனை வைத்துவிட்டு ஸ்க்ரூடிரைவரைத் தேடினாள்.

நல்ல மத்தியானம். வெளியே வெயில். கீழே மட்டும் எப்போதும்போல ஒரே மஞ்சள் விளக்கு. அப்பா மல்லாந்து கண்மூடிப் படுத்திருந்தார். நெஞ்சில் கீச் சத்தம் துளியும் இல்லை. ஆனால் அறையில் அந்தச் சத்தம் இருந்தது. அவள் நின்று கேட்டாள். குனிந்தாள். தரையிலிருந்து வந்தது. கீச். கீச்.

அவர் தோளுக்குப் பக்கத்தில்தான் பெரிய கொப்புளம். ஸ்க்ரூடிரைவரை வைத்துக் குத்தினாள்.

"அம்மா... வலிக்குது."

அப்பாவின் குரல். கண் திறக்கவில்லை. ஓட்டை வழியாக மஞ்சளாய்க் கெட்டியாய் வழிந்தது. சீழ். ஒரு மயிரும் கூடவே வந்தது. நரைத்த மயிர். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள். சுவரும் வெதுவெதுப்பு.

"அப்பா, எழுந்திருங்க. மேல போயிடலாம்."

தோளுக்கு அடியில் கைவிட்டாள். கை போகவில்லை. இடுப்புக்கு அடியில். போகவில்லை. விரலால் தடவினாள். தோள் முடிகிற இடத்தைத் தேடினாள். முடியவே இல்லை. சாம்பல் மினுமினுப்பு தரையிலிருந்து மடிப்பில்லாமல் ஏறி, அப்பாவின் புஜமாகி, கழுத்தாகி, காதோரம் வெறும் தோலாக மாறியிருந்தது. விளிம்பு இல்லை.

இழுத்தாள். தரை கிழிகிற சத்தம். அப்பா அலறினார்.

விட்டாள்.

ஓட்டையிலிருந்து இப்போது சீழ் வரவில்லை. காற்று வந்தது. உஸ்ஸ் என்று. ஒவ்வொரு உஸ்ஸுக்கும் அப்பாவின் நெஞ்சு கொஞ்சம் உள்வாங்கியது. உதடு நீலமாகிக்கொண்டே வந்தது. கண்ணைத் திறந்து அவளைத்தான் பார்த்தார்.

"மூடிடும்மா. மூச்சு போகுது."

"அப்பா..."

"மூடும்மா."

படிக்கட்டுக்கு அடியில் டப்பா இருந்தது. பிரஷ் இருந்தது. இரண்டு டப்பாவையும் கலக்கினாள். ஓட்டையின்மேல் பூசினாள். கசிந்தது. இன்னொரு தடவை. கசிவு நின்றது. கிழித்த இடத்தில் பூசினாள். தோளில் பூசினாள். கழுத்தில். காதோரம், தோலாக இருந்த இடத்தில். மூச்சு வேறெந்த வழியாகவும் போய்விடக் கூடாதே. கன்னத்தில். உதட்டின்மேல். அழுதுகொண்டே, மூலை முடுக்கு விடாமல்.

அப்பாவின் நெஞ்சு ஏறியது. அறையில் இருந்த அத்தனை கொப்புளமும் கூடவே ஏறின. இறங்கியது. இறங்கின.

"இப்ப நல்லா இருக்கும்மா" என்றது தரை.

அப்பாவின் வாய்மேல் பூச்சு காய ஆரம்பித்திருந்தது. அதன் அடியில் உள்ளங்கை அகலத்துக்கு வட்டமாகப் பனி படிந்தது. மங்கி மறைந்தது. மறுபடி படிந்தது.